இமைக்க மறக்கும் கண்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கண் பரிசோதனை செய்து கண்ணாடிக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறவன். வானொலி கேட்கக் கண் தேவையில்லை என்பதால் வசதிப்பட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இ-சேவை மையத்தில் நாள் முழுக்க விண்ணப்பம் பதிவு செய்கிறவர்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு ஏற்றுகிறவர்கள், வீட்டில் இருந்தபடியே சென்னை, பெங்களூர் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிற பிள்ளைகள் என்று பலர் வருகிறார்கள். "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி இருக்கு சார், சாயங்காலம் ஆனா எரியுது, உடம்பு சூடா இருக்குமோ?" என்பார்கள். வருவதற்கு முன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்து, இளநீரும் குடித்துப் பார்த்திருப்பார்கள். குளியல் நல்லதுதான், இளநீரும் நல்லதுதான். ஆனால் அந்த எரிச்சல் சூட்டினால் வருவதில்லை.

சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தால் அது 5, 6 என்று இறங்கிவிடும். அந்த இமைப்பும் அரைகுறைதான்; மேல் இமை பாதி தூரம் வந்து திரும்பிப் போய்விடும். கண்ணின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அது ஆவியாகாமல் இருக்க மேலே ஓர் எண்ணெய்ப் பூச்சும் உண்டு. அந்த எண்ணெய் இமை ஓரத்துச் சுரப்பிகளில் இருக்கிறது, இமைகள் முழுதாக மூடினால்தான் சரியாக வெளியே வரும். இமைக்காமல் இருந்தால் படலம் அங்கங்கே கிழிந்து கண் காய்கிறது. "கண்ணில் தண்ணீர் வடிகிறதே, அது எப்படி வறட்சி?" என்று கேட்பார்கள். காய்ந்த இடம் உறுத்துவதால் சுரக்கிற நீர் அது. கண்ணில் தங்காமல் வழிந்துவிடும்.

இங்கே நம் ஊர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். கடலூர், புதுச்சேரி இரண்டும் கடலோரம். காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் புழுக்கம் தாங்காமல் டேபிள் ஃபேனை மேஜை மேல், முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்கிறோம். ஏசி அறை என்றால் காற்று வருகிற இடத்துக்கு எதிரில் நாற்காலி. அதனால் கண் எரிகிறது என்று யார் வந்தாலும் ஃபேன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். காற்று முதுகிலோ காலிலோ படும்படி திருப்பி வைத்தாலே பலருக்குப் பாதி குறைந்துவிடுகிறது. அடுத்தது திரையின் உயரம். மானிட்டரை உயரத் தூக்கி வைத்தால் கண் அகலத் திறந்து, காய்கிற பரப்பு கூடும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். ஒரு கை நீளத் தூரம் சரியாக இருக்கும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களின் தொல்லை தனி. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கியிருப்பார்கள். அது செய்தித்தாள் படிக்கிற தூரத்துக்கு, அதாவது 40 சென்டிமீட்டர் அளவுக்கு, எழுதிய பவர். கணினித் திரை இருப்பதோ 60, 70 சென்டிமீட்டரில். விளைவு, திரையை நோக்கி உடம்பு முன்னால் சாய்கிறது. இரட்டைப் பவர் கண்ணாடி என்றால் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்கி உட்காருவார்கள். மாலையில் கழுத்து வலி, பின்மண்டை வலி. கழுத்துக்குத் தைலம் தேய்த்து என்ன பயன்? கணினிக்குப் படிக்கிற பவரைவிடக் குறைந்த பவர் போதும், தனியாக ஒரு கண்ணாடி எழுதி வாங்கலாம். கண் டெஸ்டுக்குப் போகும்போது மூக்கிலிருந்து திரை வரை டேப் வைத்து அளந்து, அந்த அளவைச் சொல்லுங்கள்.

திரையிலிருந்து வரும் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி பற்றிக் கேட்காதவர்களே இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் என்ற அமைப்பு 2023-இல் இதைப் பற்றிய 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காசைச் சரியான பவருக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து.

20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 நொடி பார்க்கச் சொல்வார்கள். இதில் சூட்சுமம் எதுவும் இல்லை. கிட்டப் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு தசை சுருங்கியே இருக்கிறது. குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றால் இடுப்பு கடுக்கும் அல்லவா? தூரத்தைப் பார்த்தால் அந்தத் தசை தளரும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் போதும். கூடவே நாலைந்து தடவை கண்ணை முழுதாக மூடித் திறந்துவிடுங்கள். சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் போகிறவர்களுக்கு அடிவானம் வரை இலவசமாகக் கிடைக்கிறது. அங்கேயும் போனைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறோம், சரி, விடுங்கள்.

திடீரென்று பார்வை குறைவது, மின்னல் வெட்டுவது போல் தெரிவது, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைப்பது, வலியோடு கண் சிவந்து வாந்தி வருவது, இவையெல்லாம் கணினிக் களைப்பில் சேராது. உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாகச் சொட்டு மருந்து. விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் சில ஸ்டீராய்டு கலந்தவை. போட்டதும் சிவப்பு குறையும், சுகமாக இருக்கும். அதனால்தான் மறுபடி மறுபடி வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறி, பார்வை நரம்பைக் கெடுத்துவிடும். அப்படிப் போன பார்வை திரும்பாது. வறட்சிக்கு மருத்துவர் எழுதித் தருகிற செயற்கைக் கண்ணீர் வேறு மருந்து. அதன் புட்டியைத் திறந்த தேதியை லேபிளிலேயே எழுதி வையுங்கள். பெரும்பாலானவை ஒரு மாதத்துக்கு மேல் ஆகாது. மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். வணக்கம்.