கட்டிலடியில் இல்லாத சுவர்க்கோழி

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். தேயிலைத் தொழிற்சாலைகளில் மிஷின் ரிப்பேர் பார்ப்பது என் பிழைப்பு. காலையில் கோத்தகிரியில் ஒரு ரோலர் நின்றுபோகும், மத்தியானம் கூடலூரில் ஒரு டிரையர் மக்கர் பண்ணும். இரண்டுக்கும் பைக்கில்தான் ஓட வேண்டும். இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான். அந்த ஓட்டத்தில் காதில் அறைகிற காற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சுவர்க்கோழிக் கதை. நாலு வருடத்துக்கு முன்னால், மார்கழி மாதம். கோயம்புத்தூர் போய் உதிரிபாகம் வாங்கிக்கொண்டு இரவு வீடு திரும்பினேன். படுத்தால் எங்கோ சுவர்க்கோழி கத்துகிறது. விடாமல், ஒரே சுருதியில். எழுந்து டார்ச் அடித்துக் கட்டிலடியில் பார்த்தேன். இல்லை. மறுநாள் இரவும் அதே சத்தம். அரிசி மூட்டையை நகர்த்தினேன், பீரோவைச் சுவரிலிருந்து இழுத்தேன். என் மனைவி கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "என்னங்க, இந்த உறைபனியில எந்தச் சுவர்க்கோழிங்க கத்தும்?" என்றாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். மூன்றாம் நாள் தாங்காமல் கதவைத் திறந்து வாசலுக்குப் போனேன். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கிறது, தெருவில் நாய்கூட இல்லை. சுவர்க்கோழி என்கூடவே வாசலுக்கு வந்துவிட்டது.

காது டாக்டர் சோதித்துவிட்டு, "தொழிற்சாலைச் சத்தமா?" என்றார். "அங்கே காதுக்கவசம் போட்டுக்கொள்வேன் சார்" என்றேன். "வேறு எங்கே சத்தம்?" எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவர் மேசையைப் பார்த்தார். மேசைமேல் என் ஹெல்மெட் இருந்தது.

உள்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது ஒரு கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிக்கொண்டே போகும். 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் சத்தம் 90ஐ ஒட்டி வந்துவிடும். ஹெல்மெட் மண்டையைக் காக்கும். காதைக் காக்க அதனால் ஆகாது.

"மலையில் நாங்கள் 40ஐத் தாண்டுவதே இல்லையே" என்பீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற மாதத்தில் பைக்காரா பக்கம் போய்ப் பாருங்கள். தென்மேற்குக் காற்று கூடலூர்ப் பக்கமிருந்து நேரே முகத்துக்கு வரும். வண்டி 40, எதிர்க்காற்று 40. மீட்டர் 40தான் காட்டும், காதுக்கு அது 80.

சரி, சத்தம் எங்கே பிறக்கிறது? ஓடையில் பாறைக்கு முன்னால் தண்ணீர் வழுவழுவென்று வரும். பாறைக்குப் பின்னால் சுழித்துக் குதிக்கும். அங்கே ஓர் இலை விழுந்தால் நின்ற இடத்திலேயே தலையாட்டிக்கொண்டிருக்கும். வண்டியின் முன்னால் இருக்கிற விண்ட்ஷீல்டுதான் பாறை. உங்கள் தலைதான் இலை. உடையாமல் வருகிற காற்று அவ்வளவு சத்தம் போடாது. உடைந்த காற்றுதான் ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்குகிறது.

இதை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. சத்தம் அதிகமா, இன்னும் பெரிய விண்ட்ஷீல்டு போடு என்கிறார்கள். நானும் ஒரு தடவை காசைக் கொட்டிப் பெரியதாக மாட்டினேன். முன்பு நெஞ்சில் அடித்த காற்று அப்புறம் சரியாகப் புருவத்தில் வந்து உடைந்தது! காரமடை போவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி அதைப் பையில் கட்டிக்கொண்டு திரும்பினேன். நெஞ்சில் காற்று பலமாகத்தான் அடித்தது, ஆனால் தலை ஆடவில்லை, சத்தமும் பாதியாகிவிட்டது போலிருந்தது.

அதனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. சமவெளியில் வண்டி நடமாட்டம் இல்லாத நேராக ஓடும் சாலையில், நிதானமான வேகத்தில், ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றிச் சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி விண்ட்ஷீல்டுதான். அதை இறக்குங்கள், அல்லது ஒரு நாள் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கீழே ஓர் இடைவெளி விட்டு மாட்டினாலும் சுழல் கொஞ்சம் அடங்கும். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் கழற்றிப் பாருங்கள், அப்புறம் வாங்குங்கள்.

ஹெல்மெட்டுக்குள் சத்தம் பெரும்பாலும் தாடைக்குக் கீழே இருக்கிற சந்து வழியாகத்தான் ஏறும். அதற்கு நம் ஊர் மருந்து மஃப்ளர். கழுத்தைச் சுற்றி அந்தச் சந்தை அடையுங்கள். நுனி இரண்டையும் ஜெர்க்கினுக்குள் செருகிவிடுங்கள், பறக்க விடாதீர்கள். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தோடு போகும்.

மற்றது இயர் பிளக். ஸ்பாஞ்சு போன்ற சின்ன உருளை. விரலால் உருட்டி மெலிதாக்கி, இன்னொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். பஞ்சு வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள், போதாது. ஹார்ன் கேட்காதே என்று பயப்படவும் வேண்டாம். ஹார்ன் குறைகிற அளவுக்குக் காற்றிரைச்சலும் குறைகிறது. ஆனால் மலைப்பாதையில் நான் போடுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற லாரியும், ஓரத்தில் மூங்கில் ஒடிக்கிற யானையும் காதுக்குத் தெரிய வேண்டும். தவிர, உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கிருந்து இறங்கும்போது காது தானாகவே அடைத்துக்கொள்ளும். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டி, எச்சில் விழுங்கி, காது திறந்த பிறகுதான் மாட்டுவேன்.

ஹெல்மெட் வாங்குவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னத்துப் பஞ்சு கன்னத்தை அழுத்த வேண்டும். கம்பளிக் குல்லாவோடு போட்டுப் பார்த்து வாங்காதீர்கள், குல்லா இல்லாத நாளில் தொளதொளவென்று இருக்கும். வைசர், அதாவது முகத்துக்கு முன்னால் இறங்குகிற கண்ணாடி, அதன் ரப்பர் பிய்ந்திருந்தால் மாற்றுங்கள். பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் இரண்டு காது உண்டு, அது இன்னொரு நாள் பேசவேண்டிய கதை. வணக்கம்.