சுவரைத் தாங்கிய சித்திரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சிறு மாதிரிகளுக்கு உயிர் கொடுப்பது கட்டுமானமா, வண்ணமா?" என்ற இன்றைய கேள்விக்கு, வண்ணமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று செய்திகளை அழுத்தமாக வைத்தார். மேல் இறக்கை ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் எந்த வண்ணமும் அதை நிமிர்த்தாது என்றார். இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் இழுகம்பிகளை மாதிரியில் நூலால் கட்டி முடிப்பதே இக்கலையின் சிகரம் என்றார். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று முடித்தார். முதலாவதை நான் மறுக்கவில்லை. சாப்வித் கேமல் என்ற பிரிட்டிஷ் ஈரிறக்கைப் போர் விமானத்தின் கீழ் இறக்கை நுனியை நோக்கி மேலேறிச் செல்லும், மேல் இறக்கையோ நேராகக் கிடக்கும். அந்த வேறுபாட்டைத் தவறவிட்டவர் கட்டியதைக் கேமல் என்று நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சுவர், சித்திரம் என்ற அந்தப் பழமொழி இந்த விமானங்களிடம் செல்லாது. ஏன் என்று சொல்கிறேன்.

1914 முதல் 1918 வரை பறந்த போர் விமானங்களில் பெரும்பாலானவற்றின் இறக்கை, மரச் சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்திய லினன் துணிதான். வெறும் துணி காற்றை உள்ளே விடும், ஈரத்தில் தொய்ந்துபோகும். ஆகவே 'டோப்' எனப்படும் செல்லுலோஸ் கரைசலை அதன்மேல் பல முறை பூசினார்கள். அது உலர உலரத் துணி சுருங்கி விறைத்தது. அதன் பிறகே அந்த இறக்கை பறக்கத் தகுந்ததாயிற்று. பிரிட்டிஷார் அந்தப் பூச்சிலேயே மஞ்சள் காவியையும் விளக்குக் கரியையும் கலந்து, பி.சி.10 என்ற காக்கி நிறத்தை உண்டாக்கினார்கள். விமானத்தைத் தரையின் நிறத்தோடு கலந்து மறைப்பதோடு, வெயிலில் துணி இற்றுப்போகாமல் காப்பதும் அந்த நிறத்தின் பணியாக இருந்தது. ஜெர்மானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பல்கோணக் கட்டங்களை நான்கு அல்லது ஐந்து நிறங்களில் துணியிலேயே அச்சிட்டு, அதை அப்படியே இறக்கைக்குப் போர்த்தினார்கள்; வண்ணம் பூசும் நேரமும் மிச்சம், வண்ணத்தின் எடையும் மிச்சம். இங்கே சித்திரமே சுவரைத் தாங்கி நின்றது, நடுவர் அவர்களே.

இனி மாதிரிக்கு வருவோம். உண்மை விமானத்தில் 72-இல் ஒரு பங்கான 1/72 அளவானாலும், 48-இல் ஒரு பங்கான 1/48 அளவானாலும், மாதிரியின் உறுப்புகள் வரும் கிட் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே நிறப் பிளாஸ்டிக். உண்மை விமானத்திலோ துணி, ஒட்டுப்பலகை, அலுமினியம், தோல், எஃகு என்று ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு பொருள். பசையும் அரமும் இந்த வேறுபாட்டை உண்டாக்க இயலாது. அல்பட்ராஸ் டி.5 என்ற ஜெர்மானியப் போர் விமானத்தின் உடல் மெருகேற்றிய ஒட்டுப்பலகை. அதைக் காட்ட, வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பை அடித்தளமாகப் பூசி, அது நன்றாகக் காய்ந்தபின் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மெல்லப் பரப்பி, ஈரம் இருக்கும்போதே முரட்டுத் தூரிகையால் ஒரே திசையில் இழுக்கிறோம். தூரிகையின் தடங்களே மரத்தின் ரேகைகளாகி நிற்கின்றன. அதன்மேல் சற்று மஞ்சள் சாயலுள்ள வார்னிஷ் ஏறியதும் பிளாஸ்டிக் என்ற நினைவே பார்ப்பவருக்கு எழுவதில்லை.

நிறமி கலக்காத டோப் பூசிய லினன் இதைவிடக் கடினமானது. அதை வெள்ளையாகப் பூசுவோர் பலர். அது வெண்ணெய் நிறத்துக்கும் வெளிர் மஞ்சளுக்கும் இடைப்பட்டது, சற்றே ஒளி ஊடுருவக்கூடியது. வெளிச்சத்துக்கு எதிரே அண்ணாந்து பார்த்தால் உள்ளிருக்கும் விலா எலும்புச் சட்டங்கள் நிழலாகத் தெரியும். அந்த நிழலை, மெல்லிய பட்டைகளால் மறைத்து, காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் ஏர்பிரஷால் மிக மெலிதாகத் தூவித்தான் கொண்டுவர முடியும். ஃபாக்கர் டிஆர்.1 என்ற ஜெர்மானிய மூவிறக்கை விமானத்துக்கு ஆலையிலேயே ஆலிவ் பச்சையைத் தூரிகையால் கோடு கோடாக இழுத்துப் பூசினார்கள். கோடுகளுக்கிடையே துணியின் நிறம் எட்டிப் பார்த்தது. மாதிரியிலும் அதே வரிசையில், முதலில் துணி, பிறகு பச்சை என்று போனால்தான் அந்தத் தோற்றம் கிடைக்கிறது. சுழல் எஞ்சின் வெளியே வாரி இறைத்த ஆமணக்கு எண்ணெய், எஞ்சின் உறைக்குப் பின்னால் பளபளக்கும் பழுப்புக் கறையாகப் படிந்தது. அதுவும் வண்ணக்காரரின் பொறுப்பே.

கட்டி முடித்தபின் பூசுவதுதானே வண்ணம் என்று எதிரணியினர் நினைக்கலாம். ஈரிறக்கை விமானத்தை அப்படிச் செய்து பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். மேல் இறக்கையை ஒட்டிவிட்டால் அதன் அடிப்பக்கத்துக்கும் விமானி இருக்கையைச் சுற்றிய இடத்துக்கும் தூரிகை போகாது. உடலின் இரு பாதிகளை இணைக்கும் முன்பே உள்ளறையின் மரமும் கருவிகளும் நிறம் பெற்றாக வேண்டும். இறக்கைகளுக்கு இடையே நிற்கும் இடைத்தூண்களும், டெக்கால்கள் எனப்படும் ஒட்டுச் சின்னங்களும்கூட மேல் இறக்கைக்கு முன்பே முடிந்தாக வேண்டும். எதை எப்போது ஒட்டலாம் என்பதை வண்ணம்தான் வகுத்துக் கொடுக்கிறது.

இழுகம்பிகளைப் பற்றிய வாதத்துக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். டிஆர்.1, டி.7 ஆகிய ஃபாக்கர் விமானங்களின் தடித்த இறக்கைகள் தம்மைத் தாமே தாங்கியதால், அவற்றின் இறக்கைகளுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமான இழுகம்பிகள் இல்லை. அவற்றைக் கட்டுபவர்களுக்கு நண்பர் காட்டும் சிகரமே இல்லையா? கம்பிகள் நிறைந்த கேமலிலும் நூலைக் கறுப்பாகவே விட்டுவிட்டால் அது நூலாகத்தான் தெரியும். எஃகின் நிறம் ஏறியபின்தான் கம்பியாகிறது.

வண்ணம் தீட்டுபவர் செய்யும் ஆராய்ச்சியையும் இந்த அவை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவை சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகளிலும் ஃபிலிம்களிலும் எடுக்கப்பட்டவை. அவற்றில் சிவப்பு கறுத்துத் தெரியும், நீலம் வெளுத்துத் தெரியும். படத்தை அப்படியே நம்பினால் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நீல வளையம் வெளிறிப்போகும். ஆகவே ஆலை ஆவணங்களையும், அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் துணித் துண்டுகளையும் படத்தோடு ஒப்பிட்டே ஒரு நிறத்தைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பி.சி.10 பச்சை கலந்த பழுப்பா, சாக்லேட் பழுப்பா என்று அறிந்தவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் ஒரு முடிவெடுத்துத் தூரிகையைத் தொடும் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நடுவர் அவர்களே, சுமார் 320 டிஆர்.1 விமானங்கள் கட்டப்பட்டன. அசல் ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. அவை வடிவத்தால் ஏறக்குறைய ஒன்றே. 1918 வசந்தத்தில் ஜெர்மானியர்கள் வளைந்த விளிம்புடைய சிலுவைச் சின்னத்தைக் கைவிட்டு நேர்கோட்டுச் சிலுவைக்கு மாறினார்கள். சிவப்பு உடல், வெள்ளைச் சுக்கான், நேர்கோட்டுச் சிலுவை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அது 425/17 என்ற எண் கொண்ட விமானம். 1918 ஏப்ரல் 21 அன்று 'சிவப்புப் பிரபு' என்று பெயர்பெற்ற ஜெர்மானிய விமானி மான்ஃபிரட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் கடைசியாகப் பறந்த விமானம். மில்லிமீட்டர் பிசகாமல் கட்டி, வண்ணம் மட்டும் தீட்டாத ஒரு டிஆர்.1 மாதிரியை எதிரணியினர் இந்த மேசைமேல் வைக்கட்டும். அது யாருடைய விமானம், எந்த மாதத்தில் பறந்தது என்று அவர்களையே கேட்டுவிட்டுத் தாங்கள் தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன்.

நன்றி, வணக்கம்.