ஏறுவதைப் பார்த்தோம், இறங்குவதையும் பார்ப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் யார் ராக்கெட் பேச்சை எடுத்தாலும் அது கலாம் ஐயாவிடம் போய்த்தான் நிற்கும். நிற்கட்டும், அதுதான் முறை. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்ததும், 1980 ஜூலை 18 அன்று அதே ரக ராக்கெட் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் ரோகிணி பூமிக்குத் திரும்பி வர வேண்டிய தேவை இல்லை. மனிதரை அனுப்பினால் அவர் திரும்பி வந்தாக வேண்டும். நம் வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் இஸ்ரோவின் ககன்யான் திட்டத்தில் எல்லாக் கணக்கையும் மாற்றிவிடுவது இந்த ஒன்றுதான். அதனால் இன்று ராக்கெட் மேலே போவதை விட்டுவிட்டு, வீரர்கள் கீழே வருவதைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் மண்டபம் பகுதியில் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். பள்ளிப் பிள்ளைகள், பாலிடெக்னிக் மாணவர்கள், விசைப்படகு ஓட்டி ஓய்ந்த பெரியவர்கள் என்று ஒரு கூட்டம் எங்களுக்கு உண்டு. ராக்கெட் ஏவும் நாட்களில் ஒன்றாக உட்கார்ந்து நேரலை பார்ப்போம். முடிந்ததும் விவாதம் தொடங்கும். இளவட்டங்களுக்கு எப்போதும் இஞ்சின் பேச்சுதான்: நம் எல்.வி.எம்-3 ராக்கெட் எவ்வளவு தூக்கும், அமெரிக்காவின் ஃபால்கன் 9 எவ்வளவு தூக்கும், மகேந்திரகிரி இஞ்சின் சோதனை மையத்தில் இப்போது எதைச் சோதிக்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் ராக்கெட்டின் வேலை கால் மணி நேரச் சொச்சத்தில் முடிந்துவிடும். வீரர்கள் கடலில் இறங்கி, கப்பல் ஏறும்வரை பயணம் முடியாது.

2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ககன்யான் சோதனையைப் பலர் பார்த்திருப்பீர்கள். காலையில் இரண்டு முறை தள்ளிப்போய், கடைசி 5 நொடி இருக்கும்போது கணினியே நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில், ராக்கெட்டில் கோளாறு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வீரர்கள் உட்காரும் கலத்தை அதன் மேலே பொருத்திய தப்பிக்கும் அமைப்பு பிய்த்துக்கொண்டு போனது. பாராசூட்டுகள் விரிந்தன. கலம் கடலில் இறங்கியது. எங்கள் கூட்டத்தில் ஒரே கைதட்டல்.

அப்புறம் வந்த செய்தி பலர் காதில் விழவில்லை. கலம் தண்ணீரில் தலைகீழாக மிதந்தது. கடற்படையினர் போய் அதை மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார்கள். சோதனை வெற்றிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே ஆள் இருந்திருந்தால்? பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, கதவு தண்ணீருக்குள் இருக்க, காத்திருந்திருப்பார்கள். மணி வடிவக் கலம் தண்ணீரில் நிமிர்ந்தும் நிலையாக மிதக்கும், கவிழ்ந்தும் நிலையாக மிதக்கும். 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 கலமும் முதலில் கவிழ்ந்தே மிதந்தது. காற்றடைத்த பைகள் உப்பி அதை நிமிர்த்தின. ககன்யான் கலத்துக்கும் அப்படி நிமிர்த்தும் பைகள் உண்டு.

அன்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வியை நான் பல பேரிடம் சொல்லிவிட்டேன். "தம்பி, தண்ணியில விழுந்த பிறகும் அந்தக் குடை கூடவே கட்டிக் கெடக்குமா? காத்து புடிச்சா இழுத்துட்டுப் போயிருமே?" பாய் கட்டி ஓடிய வத்தையில் வளர்ந்தவர் அவர். பொறியாளர்கள் கவலைப்படுவதும் அதே இடத்தில்தான். ககன்யானின் மூன்று பெரிய பாராசூட்டுகள் விரிந்து நிற்கும்போது கலத்தை நொடிக்கு 8 மீட்டர் அளவுக்கு மெதுவாக்கும். அதே துணி தண்ணீர் மேல் கிடக்கையில் வாடைக் காற்று வாங்கினால் பாய்தான், கலத்தைச் சாய்த்து இழுக்கும். அதனால் இறங்கிய கையோடு அது கழன்றாக வேண்டும். கீழே வரும்வரை கழலவே கூடாது, தண்ணீர் தொட்டதும் கழலாமல் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே கொக்கி செய்ய வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மொத்தம் பத்து பாராசூட்டுகள். மூடியைக் கழற்ற இரண்டு, வேகம் குறைக்க இரண்டு, பெரியவற்றை இழுத்து விரிக்க மூன்று, பெரியவை மூன்று. பெரியவற்றில் ஒன்று விரியாமல் போனாலும் மற்ற இரண்டு போதும். இது வீண் செலவு இல்லை. 1971இல் அப்பல்லோ 15 திரும்பியபோது மூன்றில் ஒன்று சுருங்கிப் போனது. இரண்டை வைத்துக்கொண்டு மூவரும் பத்திரமாக இறங்கினார்கள். 2025 ஆகஸ்ட் 24 அன்று ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைந்த மாதிரிக் கலத்தை ஹெலிகாப்டரிலிருந்து போட்டு இஸ்ரோ சோதித்ததும் இந்தப் பாராசூட்டுகளைத்தான்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1961 ஜூலை 21 அன்று அமெரிக்க வீரர் கஸ் கிரிஸ்ஸம் அட்லாண்டிக் கடலில் நல்லபடியாக இறங்கினார். மீட்க ஹெலிகாப்டர் வந்துகொண்டிருந்தபோது வெடித்துத் திறக்கும் கதவு நேரத்துக்கு முன்பே திறந்துகொண்டது. அலை உள்ளே புகுந்து கலம் மூழ்கியது. அவர் நீந்தித் தப்பினார், உடைக்குள் தண்ணீர் ஏறி அவரும் மூழ்கப் பார்த்தார். 1967 ஜனவரி 27 அன்று அதே கிரிஸ்ஸம், தரையில் நடந்த அப்பல்லோ ஒத்திகையில் தீப்பிடித்து, வேறு இருவரோடு இறந்தார். அந்த அப்பல்லோ கலத்தின் கதவு உள்பக்கம் திறப்பது. நேரத்துக்குத் திறக்க முடியவில்லை. ஒரே மனிதர், ஒரு முறை கதவு முந்திக்கொண்டது, ஒரு முறை திறக்கவே இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கலத்தின் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் கதவுக்குத்தான் போகிறது.

நம் கல்பனா சாவ்லாவும் 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில்தான் உயிரிழந்தார்.

இதை இந்தக் கரையில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. வடகடல் எப்போது அடங்கும், தென்கடல் எப்போது புரளும் என்று சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. சங்கு குளிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. வீரர்களை மீட்கும் குழுக்களுக்குக் கொச்சியில் கடற்படையின் கருடா தளத்தில் பயிற்சி கொடுக்கிறார்கள். விண்வெளி என்றால் இஞ்சின் படிப்பு மட்டும்தான் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. மிதப்பின் நிலைத்தன்மை, துணியும் கயிறும் தாங்கும் பலம், முக்குளிப்பு, கடல் மருத்துவம் எல்லாம் இதில் அடக்கம். பல நாள் எடையில்லாமல் மிதந்துவிட்டு வருகிறவருக்குச் சமநிலையே தடுமாறும். அவரை அலையில் ஆடும் கலத்துக்குள் வெகுநேரம் வைத்திருக்க முடியாது. 2025 ஜூலை 15 அன்று நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா கலிஃபோர்னியாவுக்கு அப்பால் கடலில் இறங்கியபோது, கலத்தை ஆட்களோடு அப்படியே கப்பலில் தூக்கி வைத்துத்தான் கதவைத் திறந்தார்கள்.

ககன்யானில் மனிதர் போவதற்கு முன் ஆளில்லாப் பயணங்கள் உண்டு. ஒன்றில் வியோமித்ரா என்ற ரோபோ போகும். அதைப் பார்க்கும்போது ராக்கெட் ஏறியதும் நேரலையை அணைத்துவிடாதீர்கள். கலம் இறங்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு திரும்ப வாருங்கள். எத்தனை பெரிய பாராசூட் முழுதாக விரிந்தது, தண்ணீர் தொட்டதும் கழன்றதா, கலம் எந்தப் பக்கம் மிதக்கிறது, முதல் முக்குளிப்பு வீரர் அதைத் தொட எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் குறியுங்கள். பக்கத்தில் படகோட்டும் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால், அவர் என்ன சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.