கடிதம் யாருக்குச் சொந்தம்?

நேயர்களுக்கு வணக்கம். குடும்பச் சொத்து என்றால் வீடு, நிலம், நகை, அப்புறம் பாகப்பிரிவினைச் சண்டை. ஏ. எஸ். பயட் எழுதி 1990இல் புக்கர் பரிசு வென்ற 'பொசெஷன்' என்ற ஆங்கில நாவலில் அத்தனை பேரும் அடித்துக்கொள்வது ஒரு கட்டுப் பழைய கடிதங்களுக்காக.

1986இல் லண்டனில் ரோலண்ட் என்ற ஆராய்ச்சியாளர், விக்டோரியா காலக் கவிஞர் ஆஷ் வைத்திருந்த புத்தகம் ஒன்றைப் பிரிக்கிறார். உள்ளே ஒரு பெண்ணுக்கு ஆஷ் எழுதிப் பார்த்த இரண்டு கடித வரைவுகள். ரோலண்ட் சத்தமில்லாமல் அவற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார். அந்தப் பெண் கவிஞர் கிறிஸ்டபெல். அவரை ஆராயும் மோட் பெய்லி, தன்னை அவருடைய தங்கை வழி வந்தவர் என்று நினைத்திருப்பவர். இவர்கள் இருவரும் தேடிப்போக, கதை 1859க்கும் 1986க்கும் மாறி மாறி நடக்கிறது.

நடுவில் பக்கம் பக்கமாகக் கவிதைகள் வரும். பயட்டே அந்தக் காலத்து நடையில் எழுதியவை. பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் பொம்மைகளைப் பற்றிய ஒரு கவிதைதான் கடிதங்கள் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது: பழைய மாளிகையில், பொம்மைக் கட்டிலின் மெத்தைக்கு அடியில்.

சரி, அவை யாருடையவை? வீட்டுக்காரருடையவையா, காசோலையோடு வரும் அமெரிக்கப் பேராசிரியருடையவையா? சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. காகிதம் ஒருவரிடம் இருக்கலாம். அச்சிடும் உரிமை எழுதியவரின் வாரிசுக்கு. கடைசியில் ஆஷின் கல்லறையையே தோண்டுகிறார்கள். கிறிஸ்டபெல் எழுதிய, பிரிக்கப்படாத ஒரு கடிதம் கிடைக்கிறது. அதிலிருந்துதான் உண்மை தெரிகிறது. ஆஷுக்கும் கிறிஸ்டபெலுக்கும் ஒரு மகள் இருந்தாள். கிறிஸ்டபெலின் சகோதரி அவளைத் தன் பிள்ளையாக வளர்த்தாள். மோட் அந்த மகள் வழி வந்தவர். இரண்டு கவிஞர்களின் ரத்தமும் அவரிடம்.

மகள் பிறந்தது தெரியாமலே ஆஷ் இறந்தார் என்று எல்லோரும் முடிவுகட்டுகிறார்கள். அதற்குப் பின் வருகிறது 1868ஆம் ஆண்டுப் பின்குறிப்பு. ஆஷ் ஒரு புல்வெளியில் அந்தச் சிறுமியைச் சந்திக்கிறார், பூமுடி பின்னித் தருகிறார், கொஞ்சம் தலைமுடி கேட்டு வாங்கிக்கொள்கிறார், 'பெரியம்மா' கிறிஸ்டபெலிடம் சொல்லச் சொல்லி ஒரு செய்தியும் அனுப்புகிறார். வழியில் அண்ணன்மாரோடு விளையாட்டு. பூமுடி பிய்ந்துபோகிறது, செய்தி மறந்துபோகிறது.

இரண்டு காலக் கதைகளில் பெரும்பாலும் பழைய காலம் இன்றைய புதிருக்கு விடை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இங்கே கடிதங்கள் மோட்டுக்குப் போகின்றன. அந்தப் புல்வெளி மட்டும் அவருக்குப் போகவில்லை. அது வாசகருக்கு எழுதிவைத்த பங்கு. என்னைக் கேட்டால் நாவலின் பெரிய சாதனையே அதுதான்.

கையில் எடுப்பவர்கள் பின்குறிப்பை முதலில் புரட்டாதீர்கள். நான் உடைத்துச் சொல்லிவிட்டேன், அது வேறு விஷயம். நன்றி, வணக்கம்.