அலரி அந்தும் சிறகில்லாத மின்மினியும்

வணக்கம் நேயர்களே. கொழும்பு வளவுகளில் அலரியும் நந்தியாவட்டையும் தாராளமாக நிற்கின்றன. அவற்றின் இலையைத் தின்று வளர்வது அலரி அந்து, விஞ்ஞானப் பெயர் டாஃப்னிஸ் நீரை. தடித்த பச்சைப் புழு. தலைக்குப் பின்னால் நீலக் கண்கள் போல இரண்டு பொட்டுகள். வளர்ந்த புழு பழுப்பாக மாறினால் நோய் என்று மருந்தடித்துவிடாதீர்கள். அது கூட்டுப்புழுவாகப் போகிறது. செடியை விட்டு இறங்கிச் சருகுக்குள் புகுந்துகொள்ளும்.

அதே சருகில் திரிவதுதான் நம் பெரிய மின்மினி, லாம்பிரிகேரா டெனப்ரோசா. இதன் குடம்பி, அதாவது புழுப் பருவம், நத்தை தின்னி. 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த ஆபிரிக்க இராட்சத நத்தையையும் விடாது. அதற்காகவே 1950களில் இதை இங்கிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். கறுத்த, தகடு தகடான உடலும் வால்பக்கம் ஒளிரும் இரண்டு பொட்டுகளும் அடையாளம்.

இணை தேடும் வழிதான் முக்கியமான வேறுபாடு. பெண் அந்து மணத்தை விடும், ஆண் உணர்கொம்பால் அதைப் பிடித்து வரும். பெண் மின்மினிக்கோ சிறகே கிடையாது. நிலத்தில் இருந்தபடி ஒளிரும். ஆண் அந்த ஒளியைக் கண்டு பறந்து வரவேண்டும். மதில் விளக்கு எரிந்தால் அந்த மெல்லிய பச்சை ஒளி எடுபடாது.

விளக்கு அந்துக்கும் கெடுதிதான். சுற்றிச்சுற்றிப் பல்லிக்கு இரையாகும். ஆனால் அது ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பா வரை பறக்கக்கூடிய இனம். இங்கே அழிந்தாலும் வேறொரு பெண் பறந்து வந்து உங்கள் அலரியில் முட்டையிடும். சிறகற்ற மின்மினி ஒழிந்த வளவுக்கு, மதிலும் தார் ரோட்டும் தாண்டிப் பெண் எப்படித் தவழ்ந்து வரும்? எனக்குப் பெரிய கவலை அதுவே.

செய்யக்கூடியவை இருக்கின்றன. பொழுதுபட்ட பின் தோட்ட விளக்கை அணைத்துவிடுங்கள். கட்டாயம் வேண்டுமானால் மஞ்சள் குமிழ் போட்டு, வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி மேலே மூடி வையுங்கள். நத்தைக்கு மெட்டல்டிஹைட் குருணை தூவாதீர்கள். நாய் பூனைக்கும் அது நஞ்சு, குடம்பிக்கோ இரை போய்விடும். மழைக்குப் பிறகு கையுறை போட்டு நத்தையைப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடவேண்டாம், மூளைக்காய்ச்சல் தரும் ஒட்டுண்ணிப் புழு நத்தையில் இருக்கலாம். கறுத்த குடம்பி பற்றிக்கொண்டிருக்கும் நத்தையை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். கூட்டிய சருகை எரிக்காமல் வேலியோர நிழலில் பரப்பி, வெயில் நாளில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த சருகில் நத்தையும் நிற்காது, குடம்பியும் நிற்காது.