மூன்று பேர், ஐந்து ஆல்பங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1977இல் லண்டனில் உருவான 'தி போலீஸ்' என்ற ராக் இசைக்குழு மொத்தம் ஐந்தே ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்களைத்தான் தந்தது. முதலாவது வந்தது 1978இல், கடைசியாக வந்தது 1983இல். பாட்டும் பேஸ் கிதாரும் ஸ்டிங், கிதார் ஆண்டி சம்மர்ஸ், டிரம்ஸ் ஸ்டூவர்ட் கோப்லாண்ட். இந்த ஐந்தையும் வரிசை மாறாமல் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். மூன்று பேர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த இடம் எப்படி இசையானது, அந்த இடம் எப்படி மெல்ல மெல்ல அடைபட்டது என்பது அந்த வரிசையில்தான் காதுக்குப் புலப்படும்.

முதல் இரண்டு ஆல்பங்களும் இங்கிலாந்தின் லெதர்ஹெட் என்ற ஊரில் பதிவானவை. அங்கிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திய நைஜல் கிரே ஒரு மருத்துவர். கையில் பணம் குறைவு, வசதியும் குறைவு. 'ரோக்ஸான்' பாட்டின் தொடக்கத்தில் பியானோவில் ஒரு அபசுரம் விழும், உடனே ஒரு சிரிப்பு கேட்கும். பியானோ மூடியிருப்பதாக எண்ணி ஸ்டிங் அதன் கட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் நானும் நிற்பதுபோல் இருக்கும் எனக்கு.

ஐந்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 1979இல் வந்த இரண்டாவது ஆல்பம். பங்க் இசையின் வேகமும் ஜமைக்காவின் ரெக்கே தாளமும் அதில் கலந்திருக்கின்றன. ரெக்கேயில் பேஸ்தான் பாட்டைச் சுமக்கும். கிதார் தாளத்தின் இடைவெளியில் சட்டென்று வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சம்மர்ஸ் அந்த ஒதுங்கலை நன்றாகப் புரிந்துகொண்டவர். ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்களை, மீட்டுவார், எதிரொலியில் அது கரையும்வரை காத்திருப்பார். அந்த வெளியில் கோப்லாண்டின் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு பொடிப்பொடியாகப் பேசிக்கொண்டே போகும். வாசிக்காமல் இருப்பதும் வாசிப்புதான் என்று எனக்குக் காட்டியது இந்த ஆல்பம்.

1980இல் மூன்றாவது ஆல்பம். நெதர்லாந்தில் சில வாரங்களில் அவசரமாக முடித்தார்கள். அடுத்த சுற்றுப்பயணம் தொடங்கும் நாளின் அதிகாலை வரை வேலை நடந்ததாகக் கோப்லாண்ட் சொல்லியிருக்கிறார். அவசரம் சில பாட்டுகளில் தெரியவே செய்கிறது. சம்மர்ஸ் அமைத்த ஒரு வாத்திய இசை ஸ்டிங்குக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பேஸ் வாசிக்க மறுத்துவிட்டார், சம்மர்ஸே வாசித்தார். அந்த இசைக்குக் கிராமி விருது கிடைத்தது! ஆனால், குழுவுக்குள் விழுந்த விரிசலும் அங்கே கேட்கிறது.

நான்காவது ஆல்பத்துக்காகக் கரீபியத் தீவான மான்செராட்டுக்குப் போனார்கள். கீபோர்டும் சாக்ஸபோனும் உள்ளே வந்தன. ஒலி தடித்தது, முன்பிருந்த வெளி சுருங்கியது. நல்ல பாட்டுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பழைய காற்றோட்டத்தை நான் தேடிக்கொண்டேதான் கேட்கிறேன்.

ஐந்தாவதும் மான்செராட்டில்தான். இந்த முறை மூவரும் ஒரே அறையில் இல்லை. கோப்லாண்ட் சாப்பாட்டு அறையில், சம்மர்ஸ் ஸ்டுடியோவில், ஸ்டிங் கட்டுப்பாட்டு அறையில். ஒலி நன்றாக வர வேண்டும் என்பது ஒரு காரணம், மூவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது இன்னொன்று. அந்த நிலையில் பிறந்ததுதான் 'எவ்ரி பிரெத் யூ டேக்'. 1983இல் அமெரிக்கப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாசித்தவர்கள், மறுபடி அந்த ஒதுங்கலுக்கே திரும்பியிருக்கிறார்கள். டிரம்ஸ் அடக்கமாக நிற்க, சம்மர்ஸின் கிதார் ஒரே சீராக நடக்கிறது. மிஞ்சியதெல்லாம் குரலுக்கு.

1986இல் மீண்டும் கூடியபோது கோப்லாண்ட் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துப்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். பழைய பாட்டொன்றின் புது வடிவம் மட்டும் அப்போது வெளிவந்தது. 2007இலும் 2008இலும் சேர்ந்து உலகம் சுற்றிக் கச்சேரி செய்தார்கள். புதிய ஆல்பம் எதுவும் வரவில்லை.

இப்போது அந்த இரண்டாவது ஆல்பத்திலிருந்து 'வாக்கிங் ஆன் தி மூன்' ஒலிக்கப்போகிறது. பேஸ் தொடங்கியதும் கிதாரின் ஒற்றைக் கார்டு விழும். அது எவ்வளவு நேரம் மிதக்கிறது என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள்.