சுவரில் ஏறிய பெயர்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

1913ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், பம்பாய் கிர்காமில் இருந்த கொரோனேஷன் சினிமட்டோகிராஃப் அரங்கில், தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. அதற்குச் செய்தித்தாளில் தரப்பட்ட விளம்பரத்தின் வாசகம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இந்தியாவில் தயாரான முதல் படம் என்றும், பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டது என்றும், காசி நகரத்துக் காட்சிகள் இடம்பெற்றுள்ளன என்றும் அது சொல்கிறது. படத்தோடு சேர்த்து அதே மேடையில் நிகழவிருந்த பல்சுவை நிகழ்ச்சிகளையும் அது விடாமல் அறிவிக்கிறது. ஐரீன் டெல்மாரின் பாட்டும் நடனமும், மெக்ளெமென்ட்ஸ் குழுவின் நகைச்சுவை, காலால் வித்தை காட்டும் அலெக்ஸாண்டர் என்று மேடைக்கு வருவோர் எல்லாருக்கும் அதில் பெயர் உண்டு. ஆனால் ஹரிச்சந்திரனாக நடித்த டாப்கேயின் பெயரும், சந்திரமதியாக, வடநாட்டு வழக்கில் தாராமதியாக, நடித்த அண்ணா சாளுங்கேயின் பெயரும் அந்த வாசகத்தில் இல்லை. காலால் வித்தை காட்டியவருக்குக் கிடைத்த இடம் கதாநாயகனுக்குக் கிடைக்காத அந்த நிலையிலிருந்து, ஒரு நடிகையின் பெயரே படத்தை விற்றுவிடும் நிலைக்கு நம் ஊமைப்படங்கள் பதினைந்தே ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. அந்தப் பயணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தொடக்கத்தில் விற்பனைக்கு இருந்தது மனிதர்கள் அல்ல, இயந்திரம்தான். 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் பிரான்ஸ் நாட்டுத் திரைப்பட முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டபோது, நூற்றாண்டின் அற்புதம், உலகத்தின் விந்தை என்றுதான் விளம்பரம் சொன்னது. நிழற்படம் அசைகிறது என்ற செய்தியே ஒரு ரூபாய் கொடுத்துப் பார்க்கப் போதுமானதாக இருந்தது.

பால்கேயின் காலத்தில் அந்த வியப்பு ஓரளவு தேய்ந்துவிட்டது. நடிகர்களுக்கோ மதிப்பு இல்லை. அவர் முதலில் கொடுத்த விளம்பரமே, படம் பார்க்க அழைத்த விளம்பரம் அன்று. முகலட்சணம் உள்ள நடிகர்கள் தேவை என்று கேட்ட விளம்பரம். பெண் வேடத்துக்குப் பெண்கள் எவரும் முன்வரவில்லை. நாடகத்தையே இழிவாகக் கருதிய சமூகத்தில், படத்தில் நடிப்பது அதைவிடக் கீழாக எண்ணப்பட்டது. கடைசியில் கிராண்ட் ரோடு பகுதியின் உணவு விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்த சாளுங்கேயைப் பால்கே அழைத்து வந்தார். மாதம் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவருக்குப் பதினைந்து ரூபாய் தருவதாகப் பேச்சு. அப்படி வந்தவரின் பெயரை விளம்பரத்தில் போட யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆகவே பால்கே எண்களை விற்றார். சூரத் நகரில் படம் ஓடியபோது முதல் காட்சிக்கு மூன்றே ரூபாய்தான் வசூலானது. இரண்டு அணாவுக்கு ஆறு மணி நேர நாடகம் பார்த்துப் பழகிய மக்கள், ஒன்றரை மணி நேரப் படத்துக்கு மூன்று அணா கொடுக்கத் தயங்கினார்கள். படத்தை நீட்டித் தருமாறு அரங்க உரிமையாளர் கேட்டார். பால்கே படத்தை நீட்டவில்லை, விளம்பரத்தை மாற்றினார். 57,000 நிழற்படங்கள் கொண்ட காட்சி, இரண்டு மைல் நீளமுள்ள படம், எல்லாம் மூன்றே அணாவுக்கு என்று அறிவித்தார். கூட்டம் வந்தது.

இந்த விளம்பரத்தை நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் அடங்கும். 57,000 படங்களுக்கு ஏறத்தாழ 3,560 அடி வேண்டும். அந்தப் படத்தின் நீளமாகப் பதிவாகியிருப்பது சுமார் 3,700 அடி. ஆக, நம்ப முடியாததாகத் தோன்றும் 57,000 என்ற எண் உண்மை. நம்பும்படி இருக்கும் இரண்டு மைல்தான் மிகை. முக்கால் மைல்கூட இல்லை. படம் என்பது ஆயிரக்கணக்கான நிழற்படங்களின் கோவை என்ற தொழில்நுட்ப உண்மையையே காசுக்குரிய பண்டமாக எடுத்துக்காட்டிய அந்த மனிதரின் கூர்மையை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

1917இல் வந்த 'லங்கா தகன'த்தில் ராமராகவும் சீதையாகவும் நடித்தவர் அதே சாளுங்கே. சென்னையில் அந்தப் படத்தின் வசூல் நாணயங்களைக் காவலர் துணையோடு மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றார்கள் என்று சொல்வார்கள். திரையில் ராமர் தோன்றியபோது மக்கள் விழுந்து வணங்கினார்கள். அவர்கள் வணங்கியது ராமரை, சாளுங்கேயை அன்று. தட்டி கட்டிய வண்டியும், தப்பட்டை ஒலியும், நோட்டீஸும் ஊர் ஊராகக் கொண்டு சென்றது கடவுளரின் பெயரைத்தான்.

மனிதப் பெயர் மேலே வந்தது 1920களின் நடுவில். புனேயில் பிறந்த ரூபி மையர்ஸ் என்ற யூத வழிவந்த பெண், தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். 1925இல் கோஹினூர் நிறுவனத்தின் படங்களில் நடிக்கத் தொடங்கியபோது அவருக்குச் சுலோசனா என்று பெயர் சூட்டப்பட்டது. ஆங்கிலோ இந்தியரான ரெனீ ஸ்மித் என்ற நடிகை சீதாதேவி ஆனதும் அதே காலத்தில்தான். தங்கள் வீட்டுப் பெண்களை நடிக்க அனுப்பாத சமூகம், வேறு வீட்டுப் பெண்களுக்குத் தன் பெயர்களைச் சூட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்து மகிழ்ந்தது. அந்தப் பெயர் மாற்றம்தான் இவர்களுக்காகச் செய்யப்பட்ட முதல் விளம்பரம் என்று நான் கருதுகிறேன். நம் புதுக்கோட்டை நாகலிங்கம், பயில்வான் சாண்டோவின் பெயரை ஏற்று ராஜா சாண்டோவாகப் பம்பாய்ப் படங்களில் புகழ்பெற்றதும் இதே வழியில்தான்.

சுலோசனாவின் படங்களுக்குத் தலைப்புகளே விளம்பரமாக அமைந்தன. 'சினிமா ராணி', 'டைப்பிஸ்ட் கேர்ள்' என்ற தலைப்புகளில் புராணம் இல்லை. நகரத்தில் வேலைக்குப் போகும் புதிய பெண் இருக்கிறாள். 1927இல் வந்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' படத்தில் அவர் எட்டு வேடங்களில் தோன்றினார். ஒரே முகத்தை எட்டு விதமாகக் காணலாம் என்பதற்காகவே மக்கள் வந்தார்கள் என்றால், அந்த முகம் எவ்வளவு பழகியிருக்க வேண்டும்! 1928இல் வேறொரு நிறுவனம் சீதாதேவியை வைத்து, முகலாய இளவரசன் சலீமின் காதலியான அனார்கலியின் கதையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டிருந்தபோது, சுலோசனா அப்போது நடித்துவந்த இம்பீரியல் நிறுவனம் சுலோசனாவை வைத்து விரைந்து எடுத்து முதலில் வெளியிட்டு, அவர் பெயரின் பலத்தால் வென்றது. காந்தியடிகள் காதிக் கண்காட்சியைத் திறந்துவைத்த குறும்படம் ஒன்றோடு கூட, 'மாதுரி' படத்தில் அவர் ஆடிய நடனத்தை ஒலியுடன் இணைத்துக் காட்டினார்கள்.

அவருடைய சம்பளம் பம்பாய் ஆளுநரின் சம்பளத்தைவிட அதிகம் என்ற பேச்சு நாடெங்கும் பரவியிருந்தது. மாதம் ஐயாயிரம் ரூபாய் என்பது பெரும்பாலும் சொல்லப்படும் தொகை. அப்படியானால் ஆண்டுக்கு அறுபதாயிரம். ஆளுநரின் ஆண்டு ஊதியமோ லட்சத்துக்கும் மேல். இதுவும் பால்கேயின் இரண்டு மைல் போன்றதுதான். ஆனால் இந்த முறை அளக்கப்பட்டது படச்சுருள் அன்று, ஒரு பெண்ணின் மதிப்பு. சமையல்காரருக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுத்து நடிக்க அழைத்த தொழிலில், ஆளுநரோடு ஒப்பிட்டுப் பேசும் உயரத்துக்கு ஒரு நடிகை வந்துவிட்டார் என்பதே அந்த மிகையின் பொருள்.

1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் 'ஆலம் ஆரா' வெளியானபோது, நூற்றுக்கு நூறு பேசும் படம் என்று விளம்பரம் முழங்கியது. மறுபடியும் இயந்திரமே விற்பனைக்கு வந்துவிட்டது. தயாரித்தது சுலோசனாவின் இம்பீரியல் நிறுவனம்தான் என்றாலும், கதாநாயகி அவர் அல்லர், ஜுபேதா. சுலோசனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. ஓராண்டு ஒதுங்கியிருந்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டு, 1932இல் பேசும் 'மாதுரி'யோடு திரும்பி வந்தார். 1935இல் பேசும் 'அனார்கலி'யும் வந்தது.

இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,300 ஊமைப்படங்களில் முழுமையாகவோ துண்டாகவோ மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. பெரும்பாலான படங்களை இன்று நாம் அறிவது விளம்பரங்கள், நிழற்படங்கள், கதைச்சுருக்க நோட்டீஸ்கள் வழியாக மட்டுமே. ஒருநாள் கிழிந்து போகட்டும் என்று அச்சடித்த தாள் நிலைத்துவிட்டது. நிலைக்கட்டும் என்று எடுத்த படம் அழிந்துவிட்டது. பழைய நோட்டீஸ் ஒன்று எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

1953இல் இன்னொரு 'அனார்கலி' வந்தபோது, இளவரசன் சலீமின் தாய் வேடத்தில் சுலோசனா நடித்தார். அதன் பின் இருபது ஆண்டுகள் கழித்து, 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு அளிக்கப்பட்டது. விருது பெற்றோர் பட்டியலில் ரூபி மையர்ஸ், சுலோசனா என்ற இரண்டு பெயர்களும் அருகருகே இருக்கின்றன.

நன்றி. வணக்கம்.